வாரம் ஒரு முறை, பாதி மட்டும்

திருவனந்தபுரத்தில் ஹர்த்தால் என்றால் அதற்கு முந்தைய நாள்தான் பெரிய நாள். பால், ரொட்டி, முட்டை, காய்கறி என்று ஊரே அள்ளிக்கொண்டு ஓடும். ஆரியசாலையில் அப்பாவின் மிளகாய், மல்லி மொத்தக்கடையில் அன்று சாயங்காலம் கால்வைக்க இடமிருக்காது. ஒரு நாள் கடையடைப்புக்கு ஒரு வாரச் சாமான் வாங்குகிற ஊரில் பிறந்தவள் நான். அந்தப் புத்தியை வேலை பார்த்த இடத்துக்கும் கொண்டுபோனேன். அதில் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. எனக்கு இருபத்து மூன்று வயது. பி.எஸ்ஸி. முடித்து, லேப் டெக்னீஷியன் டிப்ளமாவும் வாங்கி, நகரத்தின் வடக்கே ஒரு குன்றின்மேல் இருந்த ஆய்வு நிறுவனத்தில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எங்கள் ஆய்வுக்கூடத்தின் தலைவி கோட்டைக்குள் அக்கிரகாரத்தில் பிறந்து வளர்ந்தவர்; எல்லோருக்கும் அவர் மேடம். அவருக்குக் கீழே முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தவர் நாகர்கோவில்காரர்; தினமும் பாசஞ்சர் ரயிலில் வந்துபோவார். மூன்று பேரும் மூன்று விதமான தமிழ் பேசினோம். கூடத்தில் மற்றவர்கள் எங்கள் மேசைக்குத் தமிழ்நாடு என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

எங்கள் வேலை எலும்பு மஜ்ஜை. உடம்பில் ஓடுகிற ரத்தமெல்லாம் அங்கேதான் பிறக்கிறது. அதைப் பிறப்பிப்பவை ஸ்டெம் செல்கள் என்கிற மிகச் சில மூல செல்கள். அவற்றில் பெரும்பாலானவை எந்த நேரமும் சும்மா உறங்கிக் கிடக்கும். அவ்வப்போது ஒன்றிரண்டு விழித்துப் பெருகிச் சிவப்பணுவாகவும் வெள்ளையணுவாகவும் மாறிப் போகும், மற்றவை காத்திருக்கும். எது விழிக்க வேண்டும், எது உறங்க வேண்டும் என்பதைச் சுற்றியிருக்கிற மஜ்ஜையின் மற்ற செல்கள் பார்த்துக்கொள்கின்றன. எப்படிப் பார்த்துக்கொள்கின்றன என்பதுதான் மேடத்தின் கேள்வி. உயிருள்ள எலும்புக்குள் எட்டிப் பார்க்க முடியாது, ஆகவே மஜ்ஜையை வெளியே எடுத்துக் குடுவைக்குள் வாழவைக்க வேண்டும்.

அதைச் செய்தது நான். வெள்ளைச் சுண்டெலியின் தொடை எலும்பை இரு முனையிலும் வெட்டி, ஊசியால் மஜ்ஜையைக் கழுவி, தட்டையான பிளாஸ்டிக் குடுவையில் விடுவேன். அதில் செல்களுக்கு உணவாக, குதிரை சீரம் கலந்த மீடியம் என்கிற இளஞ்சிவப்புத் திரவம் இருக்கும். மூன்று நான்கு வாரத்தில் குடுவையின் அடியில் செல்கள் படர்ந்து ஒரு படுகை உண்டாகும். அதன்மேல் புது மஜ்ஜையை விட்டால், மூல செல்கள் படுகைக்கு அடியில் நுழைந்து பதுங்கிக்கொள்ளும். மைக்ரோஸ்கோப்பில் அவை நெருக்கிப் பாவிய கல்தளம் மாதிரி கறுத்த திட்டுகளாகத் தெரியும். வாரத்துக்கு ஒரு முறை, புதன்கிழமை, மீடியத்தில் பாதியை எடுத்துவிட்டுப் பாதி புதிதாக விட வேண்டும். பழைய பாதி இருந்தே ஆக வேண்டும், படுகை சுரந்ததெல்லாம் அதில்தான் இருக்கிறது. இதற்கு எங்கள் பேச்சில் ஊட்டுவது என்று பெயர்.

குடுவையை நாங்கள் ஃபிளாஸ்க் என்போம். அப்பாவுக்கு ஃபிளாஸ்க் என்றால் காப்பி ஊற்றி வைப்பது.

"ஏட்டி, ஃபிளாஸ்க்கக் கழுவி வைக்கதுக்கா ஒன்னய இவ்வளவு படிக்க வச்சேன்?" என்பார். "ஃபிளாஸ்க்கக் கழுவல அப்பா, எலி எலும்பத்தான் கழுவுதேன்" என்றால், "அத வெளிய சொல்லிராத கேட்டியா, சம்பந்தம் பேச ஒருத்தன் வரமாட்டான்" என்று கல்லாவைத் திறப்பார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். வீட்டில் மட்டுமில்லை, எல்லா இடத்திலும் வரும்.

அந்த வருடம் டெல்லியிலிருந்து, எங்கள் திட்டத்துக்குப் பணம் ஒதுக்கும் குழு ஒன்று வந்து எங்கள் கூடத்தைப் பார்த்தது. அதன் தலைவர் நரைத்த மீசைக்காரர். மாலையானால் அரை மணி நேரம் மின்சாரம் நிற்கிற ஊர், மழைக்காலத்தில் சுவரெல்லாம் பூஞ்சை பிடிக்கிற ஊர், இங்கே மஜ்ஜை மாதக்கணக்கில் உயிரோடு இருக்காது, திட்டத்தை வேறு பெரிய நிறுவனத்துக்குக் கொடுத்துவிடலாம் என்றார். மேடம் வாதாடவில்லை. பத்து வாரம் கேட்டார். பத்தாவது வார முடிவில் எங்கள் குடுவைகளில் ரத்தம் உண்டாக்கும் செல்கள் மிஞ்சியிருந்தால் திட்டம் இங்கேயே தொடரும்; இல்லாவிட்டால் மூடிவிடுவது. மூடினால் மேடத்துக்கு வேறு திட்டங்கள் உண்டு, நாகர்கோவில்காரருக்கு வேறு தலைப்பு கிடைக்கும். என் வேலை மட்டும் அன்றோடு முடிந்துவிடும். நான் அந்த வேலையை விட மனமில்லாதவள். காலையில் அந்தக் குடுவைகளைப் பார்க்கப் பஸ்ஸில் நின்றுகொண்டு போவதுகூட எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பன்னிரண்டு குடுவைகள் தயார் செய்தேன். ஒன்றில்கூடப் பூஞ்சை வரவில்லை. என் கைச் சுத்தம் அப்படி, இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இந்த நேரத்தில்தான் நாகர்கோவில்காரரோடு பேச்சு நின்றுபோனது. கூடத்தைப் பார்க்க வந்த கல்லூரி மாணவர்களிடம் அவர், "டெக்னீஷியனுக்குக் கை நல்லாருந்தாப் போதும், மூளைய நாங்க பாத்துக்கிடுவோம்" என்று சிரித்துச் சொன்னார். நான் இரண்டு மேசை தள்ளி நின்றுகொண்டிருந்தேன். அன்றிலிருந்து அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. அவருக்கு ஒரு நோட்டு, எனக்கு ஒரு நோட்டு. அவருடையதை நான் திறப்பதில்லை, என்னுடையதை அவர் தொடுவதில்லை.

நான்காவது வாரம் புதன்கிழமை ஹர்த்தால் அறிவித்தார்கள். செவ்வாய்க்கிழமை நான் என்ன செய்தேன்? ஊர் செய்ததைத்தான் செய்தேன். நாளைக்கு வர முடியாதே என்று பன்னிரண்டு குடுவைகளுக்கும் முன்கூட்டியே ஊட்டி, என் நோட்டில் எழுதிவிட்டு, வீட்டுக்கு ரொட்டி வாங்கிக்கொண்டு போனேன். நாகர்கோவில்காரர் புதனன்று ரயில் ஓடியதால் வந்து, தம்பானூர் ஸ்டேஷனிலிருந்து குன்றுவரை நடந்து, பாவம் குடுவைகள் பட்டினி கிடக்கின்றனவே என்று அவரும் ஊட்டினார். கையிலிருந்த மீடியம் எட்டுக் குடுவைகளுக்குத்தான் காணும். நாலு குடுவைகளை அப்படியே விட்டுவிட்டார். அதை அவருடைய நோட்டில் எழுதினார்.

அடுத்த திங்கட்கிழமை மைக்ரோஸ்கோப்பில் குனிந்தவள் அசந்துபோனேன். எட்டுக் குடுவைகளில் மிதக்கும் செல்கள் நெரிசலாக நின்றன. அதுவரை அவ்வளவு பார்த்ததில்லை. முந்தின நாளே ஊட்டிய என் சாமர்த்தியம் என்று நினைத்தேன். மிச்சம் நாலும் எப்போதும்போல மந்தமாக இருந்தன. அவற்றுக்குச் சோம்பேறிகள் என்று பெயர் வைத்தேன். நன்றாகப் படிக்கிற பிள்ளைக்குத்தானே வீட்டில் கூடுதலாக ஒரு முட்டை கிடைக்கும்? நல்லபடியாக வந்த எட்டுக்கும் புதன்கிழமை போக, திங்கட்கிழமையும் ஊட்ட ஆரம்பித்தேன். மேடத்திடம் சொல்லவில்லை. பலனைக் காட்டிவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன்.

அதே எட்டுக் குடுவைகளைப் பார்த்து நாகர்கோவில்காரரும் மகிழ்ந்திருக்கிறார். ஹர்த்தாலன்று தான் நடந்துவந்து ஊட்டியதால் வந்த விளைச்சல் என்பது அவர் கணக்கு. டெக்னீஷியனுக்குத் தெரியாத கைப்பக்குவத்தைத் தான் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்து, சனிக்கிழமைதோறும், நான் இல்லாத நேரமாகப் பார்த்து, அதே எட்டுக்கும் ஊட்டிக்கொண்டிருந்தார். வாரத்துக்கு மூன்று முறை. இரண்டு பேரும் தனித்தனியாகப் பெருமைப்பட்டுக்கொண்டு, ஒருவரையொருவர் ஏளனமாகப் பார்த்துக்கொண்டு, மூன்று வாரம் இப்படியே நடத்தினோம். செல்களின் கழிவு சேர்ந்து வழக்கமாக வாரக் கடைசியில் மஞ்சளாகிவிடும் மீடியம் சிவப்பு மாறாமல் இருந்தது. அதையும் நல்ல அறிகுறி என்றே என் நோட்டில் எழுதியிருக்கிறேன்.

ஏழாவது வாரம் எட்டுக் குடுவைகளிலும் மிதக்கும் செல்கள் சட்டென்று குறைந்தன. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் தண்ணீர் மாதிரி தெளிந்துவிட்டது. படுகை அப்படியே இருக்கிறது, அதன் அடியில் ஒரு கறுத்த திட்டுகூட இல்லை. ஒவ்வொரு குடுவையாக, மூலை முடுக்கெல்லாம் தேடினேன். எட்டாவது குடுவையைப் பார்த்து முடித்ததும் மேடத்தைக் கூப்பிடப் போனேன்.

மேடம் வந்து பார்த்தார். திட்டவில்லை. "நோட்டை எடு. அவனையும் எடுத்துண்டு வரச் சொல்லு" என்றார். இரண்டு நோட்டுகளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்து, விரலால் தேதி தேதியாக இறங்கிவந்தார். திங்கள், புதன், சனி. மறுபடி திங்கள், புதன், சனி. எங்கள் இரண்டு பேர் காதும் சிவந்துபோனது.

"வாரத்துக்கு ஒரு தடவை, பாதி மாத்திரம்னு எத்தனை வாட்டி சொல்லியிருக்கேன்? அது என்ன, காரணமே இல்லாத வேண்டுதலாக்கும்னு நெனச்சேளா?"

நாகர்கோவில்காரர் என்னைப் பார்த்தார். "செவ்வாக்கெழமையே ஊட்டியாச்சுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஏன் ஊட்டப் போறேன்?"

"மூளை உங்க டிபார்ட்மென்ட்டுன்னுல்ல சொன்னீங்க. கண்டுபிடிச்சிருக்கலாமே."

"ரெண்டு பேரும் வாயை மூடுங்கோ" என்றார் மேடம். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முன்பு எத்தனையோ முறை சொன்னதை மறுபடி சொன்னார். புது மீடியம் பட்டால் மூல செல்கள் விழித்துக்கொள்ளும். விழித்தவை பெருகும், வேலை செய்கிற செல்களாக மாறி மிதந்து போய்விடும். நாலைந்து நாளில் படுகை ஏதோ சுரந்து மிச்சமுள்ளவற்றை மறுபடி உறங்கவைக்கும். அந்த நாலைந்து நாளை நாங்கள் கொடுக்கவே இல்லை. எட்டுக் குடுவைகளில் ஒரு மூல செல்லும் மூன்று வாரமாக உறங்கவில்லை. நாங்கள் பார்த்துப் பூரித்த நெரிசல், பின்னால் வர வேண்டியதெல்லாம் ஒரேயடியாகச் செலவானது. முன்பு அவர் சொன்னபோது தலையாட்டியிருக்கிறேன். அன்றுதான் புரிந்தது.

பிறகு சோம்பேறிகளை எடுத்துப் பார்த்தோம். நாலு குடுவைகளிலும் கறுத்த திட்டுகள் கல்லாக உட்கார்ந்திருந்தன.

மூன்று வாரம் மிச்சம். நாலே குடுவைகள். நாகர்கோவில்காரர், பெருக்கத்தைத் தூண்டும் மருந்து ஒரு துளி விட்டு இவற்றை வேகப்படுத்தலாம் என்றார். அவர் பயத்தில் சொல்கிறார் என்று இப்போது தெரிகிறது, அப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இதத் தொட்டீங்கன்னா நடக்கதே வேற" என்று குடுவைகள் இருந்த இன்குபேட்டர் கதவை மறைத்துக்கொண்டு நின்றேன். மேடம் இன்குபேட்டர் சாவியை என்னிடம் கொடுத்தார்.

"நீ மாத்திரம் பாரு. ஒருத்தர் கை போறும்."

எம்.எஸ்ஸி. படித்து ஆய்வு செய்கிறவர் பக்கத்தில் நிற்க, டிப்ளமாக்காரி கையில் சாவி. அன்று பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை.

ஆனால் சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்த மூன்று வாரத்தில்தான் தெரிந்துகொண்டேன். காலையில் குடுவையைப் பார்ப்பேன், கை துறுதுறுக்கும். மீடியம் மஞ்சளாகிக்கொண்டு வரும், பசிக்கிறதோ என்று தோன்றும். புதன்கிழமைவரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பேன்.

ஒன்பதாவது வாரம், மறுபடி புதன்கிழமை, மறுபடி ஹர்த்தால். இந்த முறை நான் செவ்வாய்க்கிழமை ஊட்டவில்லை. வியாழனுக்குத் தள்ளிவைக்கவும் இல்லை. நடந்தே போவது என்று முடிவு செய்தேன். அப்பாவுக்குக் கடை அடைப்பு. "தனியாப் போகாத, கல்லெறிவானுங்க" என்று குடையை எடுத்துக்கொண்டு அவரும் புறப்பட்டார். கிழக்கேகோட்டை, தம்பானூர், பாளையம் என்று ஆளில்லாத ரோட்டில் நடந்தோம். ஒரு பெட்டிக்கடைகூட இல்லை. வழி நெடுக அப்பா என்னைக் கிண்டல் பண்ணிக்கொண்டே வந்தார். குன்றேறும்போது மூச்சு வாங்கியதால் கிண்டலை நிறுத்தினார்.

நாலு குடுவைகளுக்கும் பாதி மீடியம் மாற்றிவிட்டு வெளியே வந்தேன். அவர் வராந்தாவில் செருப்பைக் கழற்றிவைத்து உட்கார்ந்திருந்தார். கூடத்தில் வேறு யாரும் இல்லை. உள்ளே கூட்டிப்போய் மைக்ரோஸ்கோப்பைக் காட்டினேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஒண்ணும் அனங்கலையே மோளே, அசையாமல்லா கெடக்கு."

"அனங்காம இருக்கதுதான் அப்பா அதுக்க வேலை. எல்லாம் ஒரே நாள்ல எந்திரிச்சிட்டா, நாளைக்கு ரத்தத்துக்கு ஆளிருக்காது."

அவர் நிமிர்ந்து, குடுவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீயா இதப் பாத்துக்கிடுத? நீ மட்டுமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். இறங்கி வரும்போது கிண்டல் இல்லை. மறுநாள் கடையில் யாரிடமோ என் மகள் ரத்தம் எங்கே பிறக்கிறது என்று ஆராய்ச்சி பண்ணுகிறாள் என்று அவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். எலி எலும்பு என்ற பேச்சையே எடுக்கவில்லையாம்.

பத்தாவது வாரம் மூன்று குடுவைகளைப் பிரித்து, படுகையோடு செல்களை எடுத்து, கூழ்போலிருக்கும் மீடியத்தில் விட்டோம். மூல செல்கள் மிஞ்சியிருந்தால் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கூட்டம் முளைத்து, கண்ணுக்குத் தெரியும் புள்ளியாக வளரும். ஒப்பிடுவதற்காகக் கெட்டுப்போன எட்டின் செல்களையும் அதேபோல விட்டோம். இரண்டு வாரம் காத்திருந்தோம். எட்டிலும் ஒன்றும் முளைக்கவில்லை. மூன்றிலும் முளைத்தன. நாகர்கோவில்காரர் தனியாக எண்ணினார், நான் தனியாக எண்ணினேன், இரண்டு எண்ணிக்கையும் ஒத்துப்போனது. "ஒங்க கண்ணு சரியான கண்ணாக்கும்" என்றார். கண்ணை ஒப்புக்கொள்பவர் என்றைக்காவது மூளையையும் ஒப்புக்கொள்வார் என்று நானும் பேச ஆரம்பித்தேன்.

குழு வருவதற்கு முந்தின நாள் மேடம் அறிக்கையைக் காட்டினார். எட்டுக் குடுவைகளைப் பற்றி ஒரே வரி: கணக்கில் சேர்க்கப்படவில்லை. "யார் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கறேன். நீங்க ரெண்டு பேரும் பேச வேண்டாம்" என்றார். எங்களைக் காப்பாற்றுகிறார் என்று புரிந்தது. ஊட்டத் தெரியாத ஆட்கள் என்று தெரிந்தால் அந்த மீசைக்காரர் திட்டத்தை இங்கே விட்டுவைக்க மாட்டார்.

அவர் வந்தார். முளைத்த கூட்டங்களைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு பிரிக்காமல் வைத்திருந்த நாலாவது குடுவையை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். மிதக்கும் செல்கள் ரொம்பக் குறைவாயிருக்கின்றனவே, ஏன் இவற்றைப் பட்டினி போடுகிறீர்கள், இன்னும் கொஞ்சம் ஊட்டினால் இரண்டு பங்காகுமே என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே, குடுவையைக் குலுக்கிப் பார்க்கக் கையை நீட்டினார்.

நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

யோசித்துச் செய்யவில்லை. மேடத்தின் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். பிடித்த கையை விடவும் தோன்றவில்லை. "தொடாதீங்க சார். நேத்துத்தான் ஊட்டினேன். அதுங்க அடங்கணும்" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

"இதை எந்தப் புத்தகத்தில் படித்தாய்?" என்றார். குரலில் சூடு இருந்தது.

மேடம் வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன். "புத்தகத்துல இல்ல சார். எட்டுக் குடுவையைக் கெடுத்துத் தெரிஞ்சுகிட்டேன். நான்தான் கெடுத்தேன்."

"நானும்தான் கெடுத்தேன்" என்றார் பின்னாலிருந்து நாகர்கோவில்காரர்.

மீசைக்காரர் என் கையைப் பார்த்தார். அப்போதுதான் விட்டேன். நாற்காலியில் உட்கார்ந்து, நோட்டுகளைக் கேட்டார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்து, மேடம் செய்த மாதிரியே விரலால் தேதி தேதியாக இறங்கினார். செவ்வாயும் புதனும் வந்த இடத்தில் விரல் நின்றது. ஹர்த்தால் என்றால் என்ன என்று கேட்டார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் விளக்கினோம். சிரித்தாரா என்று மீசையில் தெரியவில்லை. நோட்டுகளை மூடிவைத்துவிட்டுப் புறப்பட்டுப் போய்விட்டார்.

வேலை போயிற்று என்றுதான் இருந்தேன். மேடமும் அப்படித்தான் நினைத்திருக்கிறார். ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. திட்டம் திருவனந்தபுரத்திலேயே தொடரும், மூன்று வருடத்துக்கு. கீழே ஒரு குறிப்பு: அறிக்கையில் விடப்பட்ட எட்டுக் குடுவைகளின் விவரத்தை முழுமையாகச் சேர்க்கவும், இந்த ஆய்வில் முக்கியமான பகுதி அதுவே. அதற்கும் கீழே, அந்த விவரத்தை அந்தக் குடுவைகளைப் பராமரித்த டெக்னீஷியனே எழுத வேண்டும்.

மேடம் அந்தக் கடிதத்தை ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தார். ஆரியசாலைக்குப் போய், சாக்கு மூட்டைகளுக்கு நடுவே, நாலைந்து வியாபாரிகள் நின்றிருக்க, அப்பாவிடம் தமிழில் வாசித்துக் காட்டினேன். அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்த எட்டுக் குடுவ கெட்டதுன்னு வருதுல்லா, அதிலேருந்து இன்னொருக்க வாசி" என்றார்.